பின்வரிசைத் தயிர் பாக்கெட்

கடையில் தயிர் வாங்கும்போது முன்னால் இருப்பதை விட்டுவிட்டு, கையை உள்ளே நீட்டிக் கடைசியில் இருக்கிற பாக்கெட்டை உருவுகிற ஆட்களில் நானும் ஒருத்தி. போளூரில் குடும்பம் நடத்திய பதினெட்டு வருஷமும் அப்படித்தான். தேதியைப் பார்ப்பேன், ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஏதோ சம்பாதித்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் கையோடுதான் 2025 ஜூன் மாதம், நாற்பத்தோரு வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக வேலைக்குப் போனேன், அதுவும் ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட்டுக்கு. பருப்பும் புளியும் எனக்குத் தெரியாததா, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கப்போகிறது என்று உள்ளுக்குள் ஒரு தெனாவட்டு இருந்தது. ஒரே வாரத்தில் அது போய்விட்டது.

வீட்டுக்காரருக்கு வேலை பெங்களூருக்கு மாறியதால் அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அல்சூருக்குக் குடிவந்தோம். மெட்ரோ ஸ்டேஷன் பலகையில் ஹலசூரு என்று இருக்கும், நம்மவர்கள் எல்லோருக்கும் அது அல்சூர்தான். தெருவில் தமிழ், கோயிலில் தமிழ், தண்ணீர்ப் பிரச்சினைக்குச் சண்டை போடுவதும் தமிழில். அதனால் ஐந்து மாதம் கன்னடத்தில் ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் ஓட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு டீத்தூள் கம்பெனிக்குப் புரமோட்டராக இந்திரா நகரில் ஒரு கடையில் நிற்கிறார். அவர்தான் ஆள் எடுக்கிறார்கள் வா என்று கூட்டிப்போனார். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பத்தாவது மார்க் ஷீட், எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், இரண்டு போட்டோ. ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. வேலைக்குச் சேர முன்பணம், யூனிஃபார்ம் பணம் என்று எவராவது கேட்டால் அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். எங்கள் மேனேஜர் மூன்றே கேள்விதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா, நாள் முழுக்க நிற்க முடியுமா, கன்னடம் வருமா. முதல் இரண்டுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதுக்கு "கத்துக்குவேன் சார்" என்றேன். அவர் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் கால். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வீட்டில் நாள் முழுக்க நிற்கிறோமே என்று தோன்றும், ஆனால் வீட்டில் நடுவில் ஒரு நிமிஷம் திண்ணையில் உட்காருவோம், சுவரில் சாய்வோம், அரிசி களையும்போது ஒரு காலை மாற்றிப் போடுவோம். கடையில் டைல்ஸ் தரை, ஒன்பது மணி நேரம், சாய்வதற்கு இருப்பதெல்லாம் ரேக்தான், அதிலும் சாய்ந்தால் கேமராவில் தெரியும். நான் வாங்கிப்போன இருநூறு ரூபாய் கேன்வாஸ் ஷூ நான்காம் நாளே குதிகாலில் கொப்புளம் போட்டுவிட்டது. ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குச் சரியாக இருப்பதுதான் வேலைக்கு உதவும். அடிப்பாகம் தடிமனாக இருக்கட்டும். முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன் இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கர்நாடகத்தின் 1961-ஆம் வருஷத்துக் கடைச் சட்டப்படி ஒரு நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கும் மீதியைக் காலை மேலே தூக்கி வைத்துக்கொள்வதற்கும் ஒதுக்குங்கள். நம் தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. துணிக்கடைப் பெண்களுக்கான விஷயம் என்று அதை நான் செய்தியாக மட்டும்தான் படித்திருந்தேன். இப்போது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் பார்த்தால்கூட அந்தச் சட்டம் ஞாபகம் வருகிறது.

தயிர்க் கதைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் என்னைப் பால் பொருட்கள் வைக்கிற கண்ணாடி ஃபிரிட்ஜ் பக்கம் போட்டார்கள். காலையில் கிரேட் கிரேட்டாகத் தயிர் வந்து இறங்கியது. நான் என்ன செய்தேன் என்றால், புதிதாக வந்ததையெல்லாம் முன்வரிசையில் அழகாக அடுக்கினேன், பழையதைப் பின்னால் தள்ளினேன். வருகிறவர்களுக்கு நல்ல சரக்காகக் கைக்கு எட்டட்டுமே என்ற எண்ணம்தான், ஒரு புண்ணியம் மாதிரி. மூன்று நாள் கழித்துச் சூப்பர்வைசர் என்னை உள்ளே கூப்பிட்டார். மண்டியாப் பக்கத்துப் பையன், இருபத்து நான்கு வயதிருக்கும், என்னை அக்கா என்பான், நான் சார் என்பேன். மேஜைமேல் பதினோரு தயிர் பாக்கெட் வரிசையாக இருந்தது. எல்லாம் அன்றோடு தேதி முடிந்தது. அவன் திட்டவில்லை. அரைத் தமிழில், "அக்கா, வீட்டில் இட்லி மாவு பழசு ஒரு டப்பா, புதுசு ஒரு டப்பா இருந்தா எதை முதல்ல ஊத்துவீங்க?" என்று கேட்டான். என் சமையலறையில் தினமும் செய்கிற காரியத்தைக் கடையில் தலைகீழாகச் செய்திருக்கிறேன். யாருடைய ஃபிரிட்ஜ் என்பதை மறந்து, வாங்குகிறவள் புத்தியிலேயே அடுக்கியிருக்கிறேன்.

முதலில் முடியப்போவது முதலில் வெளியே போக வேண்டும், கடை வேலையில் பாதி இதுதான். புதுச் சரக்கு வந்தால் முதலில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, தட்டைத் துடைத்து, புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் கொண்டுவர வேண்டும். நேரம் ஆகிறதென்று புதியதை முன்னால் திணித்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது, ஒரு வாரம் கழித்துத் தெரியும். அப்புறம் ஃபேஸிங். ரேக்கில் மூன்றே பாக்கெட் மீதி இருந்தாலும் அதை விளிம்புக்கு இழுத்து, பெயர் முன்பக்கம் தெரிய நிறுத்தி வைப்பது. கடை நிறைந்திருப்பதுபோல் காட்டுகிற வேலை என்று முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அப்படி இழுக்கும்போதுதான் எது தீர்ந்தது, எது நசுங்கியது, எலி எதைக் கடித்தது எல்லாம் கண்ணில் படும்.

தேதி படிப்பதே ஒரு தனி வித்தை. சில பாக்கெட்டில் முடிகிற தேதி நேராக இருக்கும். சிலவற்றில் பேக் செய்த நாளிலிருந்து 6 மாதம், 120 நாள் என்று போட்டிருப்பான், தயாரித்த தேதி எங்கேயோ அடியில் மடிப்புக்குள் அழிந்த மையில் இருக்கும், அதைத் தேடிக் கணக்குப் போட வேண்டும். இன்ன தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதற்கும் இன்ன தேதிவரை நன்றாக இருக்கும் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது தாண்டினால் உடம்புக்கு ஆபத்து, இரண்டாவது தாண்டினால் ருசியும் மொறுமொறுப்பும் போயிருக்கும். எங்கள் கடையில் இரண்டையுமே தேதிக்கு முன்பே எடுத்துவிடுவோம். எனக்குக் கிட்டப் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது, கண்ணாடி இல்லாமல் எட்டையும் மூன்றையும் மாற்றிப் படித்தேன். நாற்பதுக்கு மேல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் சேர்வதற்கு முன்பே கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். பெருமைக்காகக் கண்ணாடி போடாமல் ஒரு வாரம் ஓட்டிய முட்டாள்தனம் என்னுடையது.

இப்போது கன்னடம். சேர்ந்த வாரம் ஒரு பெரியவர் வந்து "சொப்பு எல்லி?" என்றார். எல்லி என்றால் எங்கே என்பது மட்டும் தெரியும். நேராக அவரை அழைத்துப்போய் லக்ஸ், ஹமாம், மைசூர் சாண்டல் எல்லாம் இருக்கிற வரிசையில் நிறுத்திவிட்டேன், கூடவே போய்க் காட்ட வேண்டும் என்று சொல்லித் தந்திருந்தார்களே, அதைச் சரியாகச் செய்த திருப்தி வேறு. அவர் சோப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தின்னோ சொப்பு அம்மா" என்றார். சொப்பு என்றால் கீரை. பில்லிங்கில் இருந்த பெண்கள் அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் கைகழுவுவது மாதிரி நடித்துக் காட்டினார்கள்.

அந்தப் பெரியவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். எல்லோரும் அப்படி இருப்பதில்லை. பெங்களூரில் கன்னடம் பேசாதவர்மேல் ஒரு வருத்தம் நிறைய பேருக்கு இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் வந்து கல்லாவில் நிற்கிறவருக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாவிட்டால் நாம் சும்மா இருப்போமா? தெரியாததைத் தெரிந்த மாதிரி தலையாட்டினால்தான் அவர்களுக்குக் கோபம் வருகிறது. "ஸ்வல்ப கன்னட பருத்தே, ஒந்து நிமிஷ", அதாவது கொஞ்சம் கன்னடம் வரும், ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் கேட்டு வந்தால் பெரும்பாலும் அவர்களே திருத்திச் சொல்லிக்கொடுக்கிறார்கள். யூனிஃபார்மில் பை கிடையாது, அதனால் கிழிந்த பில் தாளின் பின்பக்கம் வார்த்தைகளை எழுதி ஷூவுக்குள் சொருகிக்கொண்டு போவேன், ராத்திரி மகள் கேள்வி கேட்பாள்.

பில்லிங்கில் இருபது வருஷ அனுபவமுள்ள ஒரு கோலார்க்கார அம்மாதான் எனக்கு ஒரு சாவியைக் கொடுத்தார். தமிழில் ப வருகிற இடத்தில் ஹ போட்டுப் பார் என்றார். பால் என்பது ஹாலு. பத்து என்பது ஹத்து. பூ என்பது ஹூவு. பாகற்காய் ஹாகலகாய், பீர்க்கங்காய் ஹீரேகாய். எனக்குப் புல்லரித்துவிட்டது, காய்கறிப் பக்கமே திடீரென்று சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த உற்சாகத்தில் ஒரு அம்மாவிடம் புடலங்காயைக் காட்டி "ஹுடலகாய் பேக்கா?" என்று கேட்டு வைத்தேன். அது படவலகாய். அங்கே ப அப்படியே நிற்கிறது. சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது.

பருப்புப் பக்கம் இன்னும் கஷ்டம், ஏனென்றால் கடலை. நமக்கே கடலை என்றால் ஊருக்கு ஊர் ஒன்று. இங்கே கட்லேபேளே என்றால் கடலைப் பருப்பு, கட்லேகாளு கொண்டைக்கடலை, கட்லேகாய் பீஜ என்றால் நிலக்கடலை, கட்லேஹிட்டு கடலை மாவு, ஹுரிகட்லே என்பது எங்கள் பக்கத்தில் உடைச்ச கடலை என்கிறோமே அந்தப் பொட்டுக்கடலை. கேட்பவர் அவசரத்தில் வெறும் கட்லே என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடுவார். என் வழி என்னவென்றால், "எதுக்கு, சட்னிக்கா?" என்று கேட்டுவிடுவேன். என்ன சமைக்கப்போகிறார் என்று தெரிந்தால் எந்தச் சாமான் என்பது எனக்குத் தெரியாமல் போகாது. வீட்டிலிருந்து கொண்டுபோன பதினெட்டு வருஷத்தில் கடைக்கு நேராக உதவிய முதல் விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் படித்த இருபது வயதுப் பையன்கள் சட்னி என்றதும் முழிப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து எடைபோடும் இடத்துக்கு மாற்றினார்கள். காய், பழத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, அதைத் தட்டினால் ஸ்டிக்கர் வரும். நாட்டித் தக்காளியும் ஹைபிரிட் தக்காளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், விலை வேறு. ஏலக்கி வாழைக்கும் பச்சபாளே என்கிற பச்சை வாழைக்கும் ஏறக்குறைய இரட்டிப்பு வித்தியாசம். ஏலக்கியைப் பச்சபாளே எண்ணில் தட்டினால் வாங்குகிறவர் பேசாமல் போய்விடுவார், இழப்பு கடைக்கு. மாற்றித் தட்டினால் சண்டை. முதல் நாள் இரவே தினமும் அதிகம் போகிற இருபது எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மற்றதற்குச் சுவரில் அட்டை இருக்கும். எடை மேஜையில் தட்டு வைத்தால் அதன் எடையைக் கழித்துச் சுழியம் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும், மறந்தால் தட்டையும் சேர்த்து விற்றுவிடுவோம்.

பார்கோடு பற்றி ஒரு சின்ன விஷயம், ஏனென்றால் இதைப் பற்றி ஃபேமிலி வாட்ஸப் குரூப்பில் தப்புத் தப்பாகச் சுற்றுகிறது. 890 என்று ஆரம்பித்தால் இந்தியாவில் செய்த பொருள் என்பார்கள். அந்த எண்ணை இந்தியாவில் பதிவு செய்து வாங்கியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், பொருள் எங்கே செய்தது என்பதைப் பாக்கெட்டில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் கடையில் ஒட்டுகிற எடை ஸ்டிக்கர் 2-ல் ஆரம்பிக்கும். கோடு கசங்கி மெஷின் படிக்காவிட்டால் கீழே இருக்கிற 13 எண்ணையும் கையால் அடிக்கலாம். கடைசி எண் முன்னால் உள்ள பன்னிரண்டையும் சரிபார்க்கிற எண், அதனால் ஒன்றைத் தப்பாக அடித்தால் மெஷின் ஏற்காது. அது கத்துகிறதே என்று பதறாமல் திரும்ப அடித்தால் போதும்.

கல்லாவில் உட்கார வைத்தது ஆகஸ்டில். உட்கார என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், அங்கேயும் நிற்பதுதான். மூன்றாம் நாள் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது சரியாக 400 ரூபாய் குறைந்தது. நான்கு தடவை எண்ணினேன், நோட்டு நோட்டாகத் தடவிப் பார்த்தேன். எங்கே போனது என்பது ராத்திரி படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. 90 ரூபாய் பில்லுக்கு ஒருவர் நூறு கொடுத்தார், நான் பேசிக்கொண்டே அதை டிராயரில் போட்டேன், அங்கே மேலே ஒரு ஐந்நூறு இருந்தது, அதைப் பார்த்துவிட்டு 410 ரூபாய் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். அவரும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கைப்பணத்திலிருந்து கட்டினேன். அழவில்லை, ஆனால் அன்று வீட்டில் யாரிடமும் பேசவில்லை. மறுநாள் கோலார் அம்மா சொல்லிக்கொடுத்தது இன்றுவரை மாறவில்லை. நோட்டை வாங்கியதும் டிராயருக்குள் போடாதே, மேலே குறுக்கே வை, "ஐந்நூறு கொடுத்திருக்கீங்க" என்று வாய்விட்டுச் சொல், மீதியை எண்ணி அவர் கையில் வைத்த பிறகுதான் நோட்டு உள்ளே போக வேண்டும். எவ்வளவு கூட்டம் நின்றாலும் இந்த வரிசை மாறக்கூடாது. காலையில் சில்லறைப் பணம் வாங்கும்போதும் கொடுப்பவர் எதிரிலேயே எண்ணுங்கள், "இரண்டாயிரம் இருக்கு, கையெழுத்துப் போடு" என்றால் எண்ணாமல் போடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

போனில் பணம் கட்டுபவர்கள்தான் இப்போது அதிகம். போன் திரையில் பச்சை டிக் காட்டினால் போதாது, நம் மெஷினில் பணம் வந்ததாகச் சத்தமோ சீட்டோ வர வேண்டும். நெட்வொர்க் மெதுவாக இருக்கும், பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள், அந்த முனகலுக்குப் பயந்து விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள், சிரித்துக்கொண்டே நில்லுங்கள். பில்லில் ஒரு பொருளை நீக்க வேண்டுமென்றால் சூப்பர்வைசர் வந்து கார்டு தேய்க்க வேண்டும், நம்மால் முடியாது. நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று ஆரம்பத்தில் வலிக்கும். பின்னால் ஏதாவது குறைந்தால் நம் தலையில் விழாமல் காப்பதும் அதே விதிதான்.

சந்தேகம் என்றால் வாசல் கதை ஒன்று இருக்கிறது. உள்ளே போகும்போது செக்யூரிட்டி நோட்டில் கையில் எவ்வளவு பணம் வைத்திருக்கிறோம் என்று எழுத வேண்டும், வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு நாள் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டருக்கு உதவும் என்று கொடுத்த இருநூறு ரூபாயைத் தனியாக முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எழுத மறந்துவிட்டேன். சாயங்காலம் அதற்கு முக்கால் மணி நேர விசாரணை, மேனேஜர் கேமராவைப் பார்த்துத்தான் விட்டார். என் வயதுக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது, இன்றும் அந்த நோட்டைப் பார்த்தால் வாய் கசக்கும். ஆனால் பழகிக்கொண்டேன். டிபன் பாக்ஸ் வெளியே தெரிகிற பை, எண்ணி எழுதின பணம், கடையிலேயே ஏதாவது வாங்கினால் பில்லைப் பொருளோடு ரப்பர் பேண்ட் போட்டு வைப்பது. வாடிக்கையாளர் யாராவது பையில் எதையாவது போடுகிற மாதிரி தெரிந்தாலும் நாமாகக் குற்றம் சாட்டக்கூடாது, பக்கத்தில் போய் "ஏனாதரு பேக்கா?", ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு அங்கேயே ஏதோ அடுக்குவது மாதிரி நின்றால் போதும், பாதிப்பேர் திரும்ப வைத்துவிடுவார்கள்.

அரிசி மூட்டை பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் இருந்தது, ஏன் 26 கிலோ? ஊரில் எப்போதும் 25 கிலோ சிப்பம்தானே. சூப்பர்வைசரிடம் கேட்டேன். 2022 ஜூலையில் 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பாக்கெட் போட்டு விற்கிற அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, அதனால் மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26-ஆகப் பேக் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள் என்றான். அந்த ஒரு கிலோ இடுப்புக்குத் தெரியும். குனிந்து தூக்காதீர்கள், குந்தி உட்கார்ந்து மூட்டையை மார்போடு அணைத்து எழுந்திருங்கள், இல்லாவிட்டால் அஸ்ஸாம் பையன்களைக் கூப்பிடுங்கள், அவர்கள் முகம் கோணாமல் வருவார்கள்.

வரி என்றதும் செப்டம்பர் 22. திங்கட்கிழமை, நவராத்திரி முதல் நாள், அன்றுதான் நாடு முழுக்க ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது. குளிக்கிற சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதம், நெய், வெண்ணெய் 12-லிருந்து 5, பாக்கெட் பனீருக்கு வரியே இல்லை. முந்தின ராத்திரி ரேக் விலைச் சீட்டை மாற்றி மாற்றிக் கை மரத்துப்போனது. பாக்கெட்டில் பழைய விலை அப்படியே இருக்கும், பில்லில் குறைவாக வரும். வழக்கமாகப் பில்லில் கூட வந்தால்தான் சண்டை, அன்று குறைய வந்ததற்கும் சந்தேகமாகவே பார்த்தார்கள். ஒரு அம்மா, குளிக்கிற சோப்புக்குக் குறைத்தீர்கள், துணி துவைக்கிற பவுடருக்கு மட்டும் ஏன் குறைக்கவில்லை, கொள்ளையா என்று கத்தினார். அதற்கு 18 சதவீதம் மாறவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இதைக் கன்னடத்தில் சொல்லத் தெரியாமல், ஒரு பில் தாளில் நூறு ரூபாய்ப் பொருள் வரியோடு முன்பு 118, இப்போது 105 என்று எழுதிக் காட்டி, பவுடர் பக்கத்தில் 118, 118 என்று இரண்டு தடவை எழுதினேன். பார்த்துவிட்டு, கோபம் குறையாமலே, ஆனால் என்னை விட்டுவிட்டு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு போனார்.

சம்பளம் கேட்பவர்களுக்காக: எனக்கு மொத்தம் 16,500, கையில் வருவது 14,576. அடிப்படைச் சம்பளம் 15,000, அதில் 12 சதவீதம் 1,800 பி.எஃப்., மொத்தத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்கு 124. முதல் மாதம் பிடித்தத்தைப் பார்த்து ஏமாற்றுகிறார்களோ என்று நினைத்தேன். பி.எஃப். நம் பணம்தான், யூ.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு எண்ணை வாங்கிப் போனில் இயக்கிவைத்து, மாதாமாதம் நிஜமாகவே கட்டுகிறார்களா என்று பாருங்கள். 21,000-க்குள் சம்பளம் என்றால் ஈ.எஸ்.ஐ. உண்டு, நமக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும். இந்திரா நகரிலேயே ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. அக்டோபரில் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த 124 ரூபாயின் அருமை தெரிந்தது.

டிசம்பரில் அவரேகாய், அதாவது நம் மொச்சைக்காய், வந்து இறங்கியது. கடைக்குள் நுழைந்தாலே அந்த வாசனைதான், பெங்களூர்க்காரர்கள் அதற்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஒரு வயதான அம்மா வந்து "ஹிதகுபேளே இதியா?" என்றார். இந்த வார்த்தை ஷூவுக்குள் இருந்த எந்தச் சீட்டிலும் இல்லை. பேளே பருப்பு, சரி. ஹிதகு? ஒந்து நிமிஷ என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கோலார் அம்மாவின் சாவி ஞாபகம் வந்தது. ஹ-வை எடுத்துவிட்டு ப போட்டேன். பிதுக்கு. அட, பிதுக்கம்பருப்பு! மார்கழியில் எங்கள் வீட்டில் மொச்சையை ராத்திரி ஊறப்போட்டு, நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, விரலால் பிதுக்கித் தோலெடுத்து வைக்கிற அதே குழம்புப் பருப்பு. "இதே அம்மா, இதே", இருக்கிறது இருக்கிறது என்று கத்தியே விட்டேன். ஃபிரிட்ஜில் பாக்கெட் போட்டு வைத்திருந்ததற்கு அழைத்துப்போய், அன்று காலை நானே அடுக்கிய முன்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தேதியைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்ப வைத்துவிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டார்.